நினைவுத் தங்க நாணயம் வாங்கலாமா? சேகரிப்பாளருக்கான முழுமையான வழிகாட்டி

என் மேசையில் ஒரு தங்க நாணயம் இருக்கிறது. நம்மூர் பத்து ரூபாய் நாணயத்தின் அளவுதான். ஆனால் உள்ளங்கையில் வைத்தால் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனக்கிறது. எடை 16.718 கிராம், அதாவது இரண்டு பவுனுக்குச் சற்றே கூடுதல். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே தீப்பந்தத்தை ஏந்தி ஓடுகிறார்கள். 1984 என்ற ஆண்டும், பொடி எழுத்தில் 'டபிள்யூ' என்ற முத்திரையும் தெரிகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டிக்காக அமெரிக்க அரசு வெளியிட்ட 10 டாலர் நாணயம் இது. 1933-க்குப் பிறகு அந்த நாடு அச்சிட்ட முதல் தங்க நாணயம். வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலையின் 'டபிள்யூ' முத்திரை முதன்முதலாக விழுந்ததும் இதில்தான்.

வெளியானபோது இதன் விலை 352 டாலர். அதில் 50 டாலர் ஒலிம்பிக் நிதிக்குப் போனது. அந்த ஆண்டு ஒரு அவுன்ஸ் (தங்கக் கணக்கில் 31.1 கிராம்) தங்கம் சராசரியாக 360 டாலர். நாணயத்துக்குள் இருப்பது அரை அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவான தங்கம், அதாவது சுமார் 174 டாலர் பெறுமானம். ஆக, வாங்கியவர் தங்கத்துக்கு ஒரு பங்கும் மற்றதற்கெல்லாம் இன்னொரு பங்கும் கொடுத்தார். 2001-ல் தங்கம் அவுன்ஸுக்கு 270 டாலர் அளவுக்கு இறங்கியபோது, அவர் கையில் இருந்த தங்கத்தின் மதிப்பு 131 டாலர்தான். 17 வருஷம் பெட்டியில் வைத்துக் காத்ததற்குக் கிடைத்த பலன் அது. 2025 அக்டோபரில் தங்கம் 4,000 டாலரைத் தாண்டியபோது அதே நாணயத்தின் தங்க மதிப்பு 1,900 டாலருக்கு மேல் போனது உண்மைதான். ஆனால் 1984-ல் அதே 352 டாலருக்கு வெறும் தங்கமாக வாங்கியிருந்தால் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் கிடைத்திருக்கும். இன்று அது இரண்டு மடங்கு.

நகைக்கடைக்குப் போய் வந்த எவருக்கும் இது புரியும். செய்கூலி, சேதாரம் என்று கொடுக்கிறோமே, அதுதான் இங்கே 'பிரீமியம்' என்ற பெயரில் வருகிறது. நகையை விற்கப் போனால் செய்கூலி திரும்ப வராது என்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். நினைவு நாணயம் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே: எந்த நாணயத்தில் செய்கூலி திரும்ப வரும், எதில் வராது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவுத் தங்க நாணயம் வாங்கலாம். வெளியாகும் நாளில் வாங்கக் கூடாது. பரபரப்பு அடங்கி, வேறொருவர் அந்தச் செய்கூலியை இழந்த பிறகு, தங்க விலையை ஒட்டி வாங்க வேண்டும். என் மேசையில் இருக்கும் ஒலிம்பிக் நாணயத்தை அப்படித்தான், தங்க மதிப்புக்கு மேல் ஐந்து சதவீதம் கொடுத்து ஒரு பழைய நாணய வியாபாரியிடம் வாங்கினேன். இனி, அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: என்ன வாங்குகிறோம் என்று பிரித்துப் பாருங்கள்

தங்க நாணயம் என்ற பெயரில் நான்கு விதமான பொருள்கள் விற்கின்றன. ஒன்று, முதலீட்டு நாணயம். 1967-ல் வந்த தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட், 1979-ல் வந்த கனடாவின் மேப்பிள் லீஃப், 1986-ல் வந்த அமெரிக்க ஈகிள் போன்றவை. இவை தங்க விலையோடு ஏறி இறங்கும். கூடுதல் விலை குறைவு. இரண்டாவது, அந்தக் காலத்தில் உண்மையிலேயே கைமாறிய பழைய நாணயங்கள். மூன்றாவது, நாம் பேசும் நவீன நினைவு நாணயம். ஒரு நிகழ்வுக்காகவோ ஒரு மனிதருக்காகவோ அரசு வெளியிடுவது, முகமதிப்பு உண்டு, ஆனால் யாரும் கடையில் கொடுத்துப் பொருள் வாங்கப் போவதில்லை. நான்காவது, நாணயம் மாதிரி இருக்கும் பதக்கங்கள். முகமதிப்பு கிடையாது, தனியார் அச்சிட்டவை.

நம் நகைக்கடைகளிலும் வங்கிகளிலும் கிடைக்கும் 'தங்கக் காசு' இந்த நான்காவது வகையைச் சேர்ந்தது. 2015-ல் வந்த அசோகச் சக்கரம் பொறித்த இந்தியத் தங்க நாணயத்துக்கும் முகமதிப்பு இல்லை. இந்திய அரசின் இன்றைய நினைவு நாணயங்களில் நாம் பெரும்பாலும் பார்ப்பது வெள்ளிக் கலவைதான். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்காக வந்த அழகான 1,000 ரூபாய் நாணயம்கூட 80 சதவீதம் வெள்ளி, 20 சதவீதம் செம்பு. ஆகவே 'நவீன நினைவுத் தங்க நாணயம்' என்று தேடும்போது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான், ஜெர்மனி என்று வெளியேதான் போக வேண்டியிருக்கும்.

தங்க முலாம் பூசியவற்றை இந்தப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. விளம்பரத்தில் '24 காரட்' என்று பெரிதாகவும் 'முலாம்' என்று சிறிதாகவும் போட்டிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: உள்ளே எவ்வளவு தங்கம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

இது சேகரிப்பாளரின் வாய்ப்பாடு. இதை மனப்பாடமாக வைத்திருப்பவரை ஏமாற்றுவது கஷ்டம்.

பிரிட்டனின் சவரன் நாணயத்தில் தொடங்குவோம், ஏனென்றால் அது நம் வீட்டுப் பெயர். நாம் 'பவுன்' என்றும் 'சவரன்' என்றும் சொல்லும் 8 கிராம் கணக்கு அந்த நாணயத்திலிருந்து வந்ததுதான். உண்மையான நாணயத்தின் எடை 7.988 கிராம், 22 காரட். உள்ளே சுத்தத் தங்கம் 7.322 கிராம். அமெரிக்காவின் 5 டாலர் நினைவு நாணயம் 8.359 கிராம், 90 சதவீதம் தங்கம். உள்ளே 7.523 கிராம். காரட் குறைவு என்றாலும் சவரனைவிடத் தங்கம் இதில் கூடுதல்! காரட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

முகமதிப்பை நம்பவே நம்பாதீர்கள். கனடா 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்குக்காக வெளியிட்ட 100 டாலர் நாணயத்தில் இரண்டு வகை. சாதா வகை 14 காரட், உள்ளே கால் அவுன்ஸ் தங்கம். ப்ரூஃப் வகை, அதாவது சேகரிப்பாளருக்கென்று கண்ணாடி போல மெருகோடு அச்சிடுவது, 22 காரட், உள்ளே அரை அவுன்ஸ். இரண்டிலும் எழுதியிருப்பது அதே 100 டாலர்தான்! அந்த வரிசையில் 1977 முதல் 1986 வரை அரை அவுன்ஸ். 1987-லிருந்து மறுபடி கால் அவுன்ஸ். ஆண்டைப் பார்க்காமல் 'கனடா நூறு டாலர் தங்கம்' என்று மட்டும் கேட்டு வாங்கியவர் பாதித் தங்கத்துக்கு முழு விலை கொடுத்திருக்கலாம்.

இன்னொரு பொறி நம்மூருக்கே உரியது. காலையில் நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் சொல்லும் விலை பெரும்பாலும் 22 காரட் ஆபரணத் தங்கத்தின் கிராம் விலை. மேலே நான் கொடுத்த எடைகள் சுத்தத் தங்கத்தின் எடை. அதை 24 காரட் விலையால்தான் பெருக்க வேண்டும்.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சுத்தத் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். அமெரிக்க 5 டாலர் நாணயத்தின் தங்க மதிப்பு 75,230 ரூபாய். விற்பவர் 82,000 கேட்கிறார். கூடுதல் 6,770, அதாவது 9 சதவீதம். இன்னொருவர் அழகான மரப்பெட்டி, சான்றிதழ் எல்லாம் காட்டி 1,20,000 கேட்கிறார். கூடுதல் கிட்டத்தட்ட 60 சதவீதம். நாணயம் ஒன்றேதான்.

எனக்கென்று ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். பத்து சதவீதத்துக்குள் இருந்தால், பிடித்த நாணயமாக இருந்தால், வாங்கிவிடுவேன். 25 சதவீதம் வரை என்றால் அடுத்த படியில் சொல்லப்போகும் கேள்விகளைக் கேட்பேன். அதற்கு மேல் என்றால், அந்த நாணயம் பல வருஷமாக அந்தக் கூடுதல் விலையைத் தக்கவைத்திருக்கிறதா என்று பழைய ஏல முடிவுகளைப் பார்க்காமல் பணத்தை எடுக்க மாட்டேன்.

இந்த ஒழுங்கு எனக்கு வந்தது ஒரு சின்ன நாணயத்தால். சேகரிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து அரை கிராம் தங்க நாணயம் ஒன்றை வரவழைத்தேன். ஏதோ ஒரு பசிபிக் தீவு நாட்டின் பெயர், பின்னால் ஓர் உலக அதிசயத்தின் படம். குறுக்களவு 11 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அட்டைப்பெட்டி மட்டும் செங்கல் பருமன் இருந்தது. அன்றைய தங்க விலையைத் தேடிக் கணக்குப் போட்டபோது, தங்க மதிப்பைப் போல நான்கு மடங்கு கொடுத்திருந்தேன் என்று தெரிந்தது. திரும்ப வாங்கிக்கொள்வீர்களா என்று விற்ற இடத்தில் கேட்டேன். விற்பனை மட்டும்தான் என்றார்கள். அரை கிராம், ஒரு கிராம் நாணயங்களில் இது சகஜம். நாணயம் சிறுத்தால் செய்கூலி பெருக்கும், நகையில் மாதிரியே. கால் அவுன்ஸுக்குக் கீழே போகாதீர்கள் என்று புதியவர்களுக்கு நான் சொல்வது அதனால்தான்.

மூன்றாம் படி: எத்தனை அச்சிட்டார்கள், எத்தனை பேர் தேடுகிறார்கள்?

'வெறும் பத்தாயிரம் மட்டுமே!' என்ற வரியைப் பார்த்ததும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். அரிதானது எல்லாம் விலை போகாது. தேடுகிறவர் இருக்க வேண்டும்.

1984 ஒலிம்பிக் நாணயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெஸ்ட் பாயின்ட் ப்ரூஃப் மட்டும் சுமார் 3,81,000. அதே நாணயம் பிலடெல்பியா, டென்வர் முத்திரையோடு தலா 33, 34 ஆயிரம்தான். பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! ஆனால் விலையில் அந்த வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு முத்திரையையும் தனித்தனியாகத் தேடிச் சேர்ப்பவர்கள் அவ்வளவு பேர் இல்லை என்பதுதான் காரணம்.

அடுத்து அட்லாண்டா ஒலிம்பிக். 1995, 1996 இரண்டு ஆண்டுகளில் 16 விதமான நாணயங்கள், ஒவ்வொன்றும் சாதா, ப்ரூஃப் என்று மொத்தம் 32. சேகரிப்பாளர்களுக்கு மூச்சு முட்டியது. முழுத் தொகுப்பும் வாங்க வழியில்லாமல் பலர் ஒதுங்கினார்கள். இனி ஆண்டுக்கு இரண்டு நிகழ்வுகளுக்கு மேல் நினைவு நாணயம் கூடாது என்று அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் போட்டது. 1999 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

அந்தச் சலிப்பின் நடுவே 1997-ல் ஜாக்கி ராபின்சன் நினைவாக 5 டாலர் தங்க நாணயம் வந்தது. அமெரிக்க பேஸ்பாலின் முதல்நிலைப் போட்டிகளில் நிறவெறியின் கதவை 1947-ல் உடைத்து நுழைந்த கறுப்பின வீரர். சலித்துப்போயிருந்த சேகரிப்பாளர்கள் கண்டுகொள்ளவில்லை. சாதா வகை சுமார் 5,200 மட்டுமே விற்றது. யாரும் வாங்காததாலேயே அது நவீன அமெரிக்க நினைவுத் தங்க நாணயங்களின் ராஜா ஆனது; விலை பல ஆயிரம் டாலருக்குப் போனது. ஆனால் உச்சத்தில் வாங்கியவர்கள் கதை வேறு. தங்கம் ஏறிக்கொண்டே போன பிந்தைய ஆண்டுகளில் இதன் விலை வெகுவாக இறங்கியது. அப்படியும் இன்றுவரை தங்க மதிப்பைவிட நன்றாகவே மேலே நிற்கிறது, ஏனென்றால் இதைத் தேடுகிறவர்களில் நாணயச் சேகரிப்பாளர் அல்லாதவர்களும் இருக்கிறார்கள். பேஸ்பால் ரசிகர்கள், கறுப்பின வரலாற்றை மதிப்பவர்கள். 1996 ஒலிம்பிக் 5 டாலர் நாணயங்களின் சாதா வகையும் பத்தாயிரத்துக்குக் குறைவாகத்தான் விற்றது. அவற்றுக்கு இந்த மவுசு வரவில்லை.

ஆக, கேட்க வேண்டியவை இவை. நாணயத்துக்கு வெளியே ரசிகர்கள் உண்டா? ஐம்பது வருஷம் கழித்தும் அந்த மனிதரை, அந்த நிகழ்வை நினைவில் வைத்திருப்பார்களா? இது ஒரு நீண்ட வரிசையில் தவிர்க்க முடியாத இடத்தைப் பிடிக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு அழகான பதில் 1989-ன் பிரிட்டிஷ் சவரன். இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றி 1489-ல் முதல் சவரனை அடிக்கச் செய்தார். அதன் 500-ஆம் ஆண்டுக்காக, எலிசபெத் ராணி சிம்மாசனத்தில் நேராக அமர்ந்திருக்கும் உருவமும், பின்பக்கம் ட்யூடர் ரோஜாவும் கொண்ட தனி வடிவம் அந்த ஒரு ஆண்டு மட்டும் வந்தது. அதுவும் ப்ரூஃப் தரத்தில் மட்டும். சவரனை ஆண்டுவாரியாகச் சேர்ப்பவர் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரு நாணயம் வேண்டும். அதனால்தான் இது தங்க மதிப்பைவிட வெகு உயரத்தில் நிலைத்துவிட்டது. 1918-ல் பம்பாயில் 'ஐ' முத்திரையோடு அடிக்கப்பட்ட சவரனுக்கு இந்தியாவில் இருக்கும் மதிப்பும் இதே தர்க்கம்தான். அது நவீனம் இல்லை என்றாலும், சொல்லாமல் கடக்க மனசு வரவில்லை.

நான்காம் படி: பொறுத்திருங்கள்

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் கென்னடி உருவம் பொறித்த அரை டாலர் நாணயத்தின் 50-ஆம் ஆண்டுக்காக, முக்கால் அவுன்ஸ் சுத்தத் தங்கத்தில் ஒரு நாணயம் வந்தது. விலை 1,240 டாலர். சிகாகோ அருகே நடந்த நாணயக் கண்காட்சியில் விடிய விடிய வரிசை. வாங்கிய கையோடு வெளியே இருந்த வியாபாரிகளிடம் கூடுதல் விலைக்கு விற்றார்கள். பாதுகாப்பு குறித்த கவலையால் மூன்றாவது நாளே நேரடி விற்பனையை நாணயச்சாலை நிறுத்தியது. அந்த வாரம் அதிக விலை கொடுத்தவர்கள் நினைத்தது இது கிடைக்காமல் போய்விடும் என்று. ஆனால் வெளியீட்டுக்கு எண்ணிக்கை வரம்பே வைக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் அச்சிட்டார்கள்; எழுபதாயிரத்துக்கு மேல் விற்றது. பரபரப்பு தணிந்ததும் தங்க விலையை ஒட்டி வந்து உட்கார்ந்தது.

வெளியீட்டு நாளில் வாங்கி லாபம் கண்டவர்களும் உண்டு, மறைக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த 75-ஆம் ஆண்டுக்காக 2020 நவம்பரில் சிறு சின்னம் பொறித்த தங்க ஈகிள் வந்தது. போர் முடிந்த ஆண்டைக் குறித்து 1,945 மட்டும். நிமிஷங்களில் தீர்ந்தது, உடனே பல மடங்கு விலை. ஆனால் சாதாரணச் சேகரிப்பாளருக்கு அது கிடைப்பது குலுக்கல் சீட்டு விழுவது மாதிரிதான். அதை நம்பித் திட்டம் போட முடியாது. நிஜமாகவே சிறிய எண்ணிக்கை, முன்கூட்டியே அறிவித்த கடுமையான வரம்பு, நாணயச்சாலையின் சொந்த விலை என்று மூன்றும் சேர்ந்தால் முயன்று பாருங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாம் கையில் அந்த வாரமே துரத்தாதீர்கள்.

வெளியீட்டு விலையில் நன்கொடையும் ஒளிந்திருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க 5 டாலர் தங்க நாணயம் ஒவ்வொன்றிலும் பொதுவாக 35 டாலர் சட்டப்படி ஏதாவது ஓர் அமைப்புக்குப் போகிறது. நல்ல காரியம்தான். ஆனால் அடுத்த ஆள் உங்களுக்கு அதைத் திருப்பித் தர மாட்டார்.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1986 சுதந்திர தேவி சிலை, 1987 அமெரிக்க அரசியலமைப்பு ஆகிய இரண்டு 5 டாலர் நாணயங்கள். இரண்டும் லட்சக்கணக்கில் இருப்பதால் தங்க விலையை ஒட்டியே கிடைக்கும். 1986 நாணயத்தை ஒருமுறை பூதக்கண்ணாடியில் பாருங்கள். முழுச் சிலையைக் காட்டாமல் முகத்தை மட்டும் அருகே கொண்டுவந்திருப்பார் எலிசபெத் ஜோன்ஸ். நிமிர்ந்த நெற்றி, இறுகிய உதடு. 22 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அவ்வளவு கம்பீரம். அரிய நாணயம் இல்லைதான். எனக்குப் பிடித்த ஐந்தில் அதுவும் ஒன்று. சவரன் பக்கம் போனால், 2002-ல் கேடய வடிவத்தோடு வந்த சாதா வகை நல்ல தொடக்கம்.

ஐந்தாம் படி: '70' என்ற எண்ணுக்கு மயங்காதீர்கள்

நாணயத்தின் தரத்தை 1 முதல் 70 வரை மதிப்பிட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் தருகிறார்கள். என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் இதில் நம்பகமானவை. பழைய நாணயத்துக்கு இது பெரிய துணை. நவீன நாணயத்தில் நிலைமை வேறு. நாணயச்சாலையிலிருந்து நேராகக் காப்ஸ்யூலுக்குள் போனவை என்பதால் பெரும்பாலானவை 69 அல்லது 70 வாங்கிவிடும். இரண்டுக்கும் இடையே வெறும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வெளியான புதிதில் 70-க்குப் பெரிய விலை இருக்கும். இன்னும் பலர் அனுப்பி 70 வாங்க வாங்க, அந்த விலை கரையும். 'முதல் வெளியீடு' என்ற ஒட்டுச்சீட்டுக்கும் கூடுதல் காசு கேட்பார்கள். அது சீட்டின் விலை, நாணயத்தின் விலை அல்ல. உறைக்காக நான் பணம் கொடுப்பது ஒரே காரணத்துக்கு: போலி இல்லை என்ற உறுதி.

ஆறாம் படி: போலியைக் கண்டுபிடியுங்கள்

நவீன நாணயத்தை யார் போலி செய்யப் போகிறார்கள் என்று அசட்டையாக இருக்க முடியாது. உலகத்துக்கே பாடம் சொன்ன கதை ஜப்பானுடையது. 1986-ல் பேரரசர் ஹிரோஹிட்டோ அரியணை ஏறிய 60-ஆம் ஆண்டுக்காக ஒரு லட்சம் யென் முகமதிப்பில், 20 கிராம் சுத்தத் தங்கத்தில் நாணயம் வெளியிட்டார்கள். எண்ணிக்கை ஒரு கோடி! உள்ளே இருந்த தங்கம் அன்றைய விலையில் 40,000 யென் அளவுக்குத்தான். 40,000-க்குத் தங்கம் வாங்கி அச்சடித்தால் ஒரு லட்சம் என்றால் சும்மா இருப்பார்களா? 1990-ல் வெளிநாட்டு வியாபாரிகள் வழியாக வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட போலிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவையும் தங்கத்தில்தான் செய்யப்பட்டிருந்தன. எடைபோட்டும் உரசியும் மட்டும் பார்ப்பவரிடம் அவை தப்பித்துவிடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு, ஒரு வெர்னியர் அளவுகோல், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் போதும். சவரன் 7.98 அல்லது 7.99 காட்ட வேண்டும், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர். அமெரிக்க 5 டாலர் 8.36 காட்டும்; குறுக்களவு 21.6 மில்லிமீட்டர். எடை சரியாக இருந்து தடிமன் கூடியிருந்தால் உலோகம் வேறு. தங்கத்தைப் போல அடர்த்தியான மலிவு உலோகம் கிட்டத்தட்ட டங்ஸ்டன் ஒன்றுதான். மற்ற எதைப் போட்டாலும் எடையோ அளவோ காட்டிக்கொடுத்துவிடும். லென்ஸில் எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல நாணயத்தில் கத்தியால் சீவியது போல நிமிர்ந்து நிற்கும், போலியில் மெழுகு உருகியது போல வழுக்கும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. நகைக்கடையில் கொடுத்து 'தங்கமா பாருங்க' என்றால், பழக்க தோஷத்தில் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள். அந்த ஒரு கீறலோடு சேகரிப்பு மதிப்பு போயிற்று. காரட் மீட்டர் இருக்கும் இடத்தில், கீறாமல் சோதிக்கச் சொல்லுங்கள். நாணயத்தை உங்கள் கண்முன்னே வைத்திருங்கள். வளையம் பற்றவைத்த சவரன்களை நம் காசு மாலைகளில் நிறையப் பார்க்கலாம். பாட்டியின் மாலை என்றால் அது தனி மதிப்பு. சேகரிப்புக்கென்று வாங்கும்போது, பற்றவைத்த தடம் ஓரத்தில் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

ஏழாம் படி: வாங்கும் இடமும் வரியும்

பில் கொடுக்கும் வியாபாரியிடம், திரும்ப என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று வாங்கும் முன்பே கேளுங்கள். தயங்காமல் ஒரு எண் சொன்னால் அவர் நல்ல வியாபாரி. இந்தியாவில் வாங்கினால் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, விற்கும்போது அது திரும்ப வராது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும்போது, பயணிகளுக்கான நகைச் சலுகையில் நாணயம் அடங்காது என்பதை மறக்காதீர்கள். சுங்கத்தில் சொல்லி, தீர்வை கட்டி, ரசீதை நாணயத்தோடு வைத்திருங்கள். லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வசதி: பிரிட்டனில் சட்டபூர்வ நாணயமாக இருக்கும் சவரன் போன்ற பிரிட்டிஷ் தங்க நாணயங்களை விற்று வரும் லாபத்துக்கு அங்கே மூலதன ஆதாய வரி இல்லை. அதனாலேயே அங்கே சவரனுக்குத் தனி கிராக்கி.

ஏலத்தில் எடுப்பதானால், சுத்தியல் விழும் விலையோடு ஏலக்கூடத்தின் கட்டணம் 20 சதவீதத்தை ஒட்டிச் சேரும். உங்கள் உச்சவரம்பை அதையும் சேர்த்துப் போடுங்கள்.

எட்டாம் படி: பத்திரப்படுத்துங்கள்

ப்ரூஃப் நாணயத்தின் கண்ணாடிப் பரப்பில் ஒருமுறை விழுந்த விரல்ரேகை காலத்துக்கும் இருக்கும். காப்ஸ்யூலைத் திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள், கீழே துணி விரித்துக்கொள்ளுங்கள். மெருகேற்றவோ துடைக்கவோ வேண்டாம். 22 காரட், 90 சதவீத நாணயங்களில் சில சமயம் செம்புநிறப் புள்ளி தோன்றும்; கலவையில் இருக்கும் செம்பின் வேலை அது. வீட்டில் தேய்த்தால் புள்ளி போகாது, நாணயம்தான் போகும். நம் ஊர்க் கடலோரக் காற்றுக்கு, டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று போட்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பி.வி.சி. உறைகள் வேண்டாம். பெட்டி, சான்றிதழ், பில் மூன்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: விற்கும் வழியை இன்றே யோசியுங்கள்

அவசரத்துக்கு நகைக்கடைக்குத் தூக்கிப் போனால் 1989 சவரனும் 2002 சவரனும் ஒரே விலைதான். அவர்கள் உருக்குவதற்காக எடுக்கிறார்கள், அதில் தவறும் இல்லை. ஆகவே உங்கள் சேகரிப்பை இரண்டாகப் பிரித்து வையுங்கள். தங்க விலையை ஒட்டி வாங்கியவை ஒரு பக்கம். அவற்றை நாணய வியாபாரியிடம் பொதுவாகத் தங்க மதிப்புக்கு ஓரிரு சதவீதம் முன்பின் விலையில் கொடுத்துவிடலாம். கூடுதல் விலை கொடுத்து வாங்கிய அரியவை இன்னொரு பக்கம். அவற்றுக்கு ஏலமோ, அந்த வரிசையைச் சேர்க்கும் இன்னொரு சேகரிப்பாளரோதான் சரியான இடம், அதற்குச் சில மாதங்கள் ஆகும். இந்தியாவில் 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், 2024 ஜூலை 23 முதல் லாபத்துக்கு 12.5 சதவீதம் நீண்டகால மூலதன ஆதாய வரி. வாங்கிய பில் இல்லாவிட்டால் லாபம் எவ்வளவு என்று காட்டவே முடியாது.

இதை வீட்டில் இன்னொருவருக்கும் தெரிவித்து வையுங்கள். நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன்: பெயர், ஆண்டு, முத்திரை, உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் எத்தனை கிராம், வாங்கிய விலை, அன்றைய தங்க விலை. கடைசி வரியில் சிவப்பு மையில் 'உருக்கக் கொடுக்கலாம்' அல்லது 'கொடுக்கக் கூடாது'. ஒலிம்பிக் நாணயத்தின் பக்கத்தில் 15.046 கிராம் என்றும், அதன் கீழே 'கொடுக்கலாம்' என்றும் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டேனே தவிர, அந்த இருவர் ஓடும் ஓட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரியை அடித்துவிடலாமா என்று தோன்றுகிறது.